கடைக்குப் போக நாலு நல்ல டயர்

டெல்பர்ட் எட்சிட்டியின் டயர் கடைக்குப் போக வேண்டுமென்றால் முதலில் நான்கு நல்ல டயர்கள் வேண்டும். நெடுஞ்சாலையை விட்டு இறங்கியதும் ஒன்பது மைல் மண்பாதை, அதன் முடிவில் அவன் வீட்டு வாசலில்தான் கடை. வெயிலில் போனால் பல் ஆடும், மழையில் போனால் வண்டியே நின்றுவிடும். நல்ல டயர் உள்ளவனுக்கு டயர் கடையில் என்ன வேலை என்று ஊரில் யாரும் அவனிடம் கேட்க வேண்டியதில்லை. அவனே முந்திக்கொண்டு சொல்லிச் சிரித்துவிடுவான். "கஸ்டமர் வந்து சேர முடியாத எடமா பாத்து கடை வெச்ச ஆளு அரிசோனாவுலயே நான் ஒருத்தன்தான்" என்பான். முச்சந்தியில் ஒரு பலகை நட்டு, 'பஞ்சர் ஒட்டப்படும், டெல்பர்ட், ஒன்பது மைல்' என்று எழுதி வைத்தான். அடுத்த வாரமே யாரோ கீழே கரியால் 'நடந்து வரவும்' என்று எழுதிவிட்டார்கள். அவன் அதை அழிக்கவில்லை. தகவல் சரியாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிட்டான்.

அவனுக்கு டயரைத் தவிர வேறு எதுவும் தெரியாது. நிலக்கரிச் சுரங்கம் ஓடிய காலத்தில் அங்கே பட்டறையில் டயர் மாட்டும் வேலை. ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு உள்ள டயர்கள். சுரங்கத்தை மூடியபோது கம்பெனிக்காரர்கள் எல்லோருக்கும் ஒரு துண்டு கேக்கும் ஒரு தொப்பியும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். தொப்பியில் 'பாதுகாப்பே முதல்' என்று எழுதியிருந்தது. அதைப் போட்டுக்கொண்டுதான் இப்போது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் சைக்கிளுக்குக் காற்றடிக்கிறான்.

முச்சந்தியில், எல்லோரும் பீப்பாயில் தண்ணீர் பிடிக்க வரும் குழாய்க்குப் பக்கத்தில், அரை ஏக்கர் பொட்டல் இருக்கிறது. கடையை அங்கே மாற்றி, ஒரு கொட்டகை போட்டு, ஒரு கம்ப்ரஸரும் பழைய டயர் கழற்றும் மெஷினும் வைத்தால் போதும். ஊரில் பஞ்சர் ஆகாத வண்டி கிடையாது. டயர் மாற்ற எழுபது மைல் தள்ளி நவஹோ எல்லைக்கு அப்பாலிருக்கும் டவுனுக்குப் போகிறோம், அங்கே போகும் வழியில் இன்னொன்று பஞ்சராகிறது. இந்த ஊருக்கு ஒரு டயர் கடை வேண்டும் என்பதில் யாருக்கும் இரண்டாவது கருத்தே இல்லை. பிறகு ஏன் மூன்று வருடமாக அங்கே கொட்டகை எழவில்லை?

எங்கள் நவஹோ நிலம் எங்களுடையது, ஆனால் எங்களில் யாருடையதும் இல்லை. காகிதத்தில் அது வாஷிங்டன் அரசாங்கத்தின் பொறுப்பில் இருக்கிறது. மேலே முளைக்கும் புல் மட்டும் மேய்ச்சல் சீட்டு வைத்திருப்பவர்களுக்குச் சொந்தம். அந்த அரை ஏக்கரில் புல் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. இருந்தாலும் அந்த வட்டத்தில் சீட்டு வைத்திருக்கும் ஐந்து பேரும் சம்மதக் கையெழுத்துப் போட்டால்தான் குத்தகைக்கு விண்ணப்பிக்கவே முடியும். அதற்கு முன்னால் ஊர்மன்றமான சாப்டர் ஹவுஸில் கூட்டம் கூடித் தீர்மானம் போட வேண்டும். சர்வேயர் வர வேண்டும். செடி, பறவை பார்க்கிறவர் வர வேண்டும். பழம்பொருள் ஆராய்ச்சிக்காரர் வர வேண்டும். ஒவ்வொரு காகிதத்துக்கும் ஒரு ஆயுள் உண்டு. பறவைக் காகிதம் கைக்கு வரும்போது சர்வே காகிதம் செத்துப் போயிருக்கும்.

பழம்பொருள்காரர் வந்த அன்று டெல்பர்ட் கூடவே நின்றான். அவர் துருப்பிடித்த ஒரு தகர டப்பாவைக் கண்டுபிடித்து, சுற்றிலும் கொடி நட்டு, அளந்து, படம் எடுத்து, அரைநாள் குறிப்பெழுதினார். டெல்பர்ட்டுக்கு அந்த டப்பாவை நன்றாகத் தெரியும். அவன் அப்பா ஆடு மேய்க்கும்போது பீச் பழம் சாப்பிட்டுவிட்டுத் தூக்கியெறிந்தது. வீட்டுக்கு வந்து மனைவி வெர்னாவிடம், "நம்ம குடும்பச் சொத்து ஒண்ணு மொதல் தடவையா கவர்மெண்ட் கணக்குல ஏறியிருக்கு" என்று பெருமைப்பட்டுக்கொண்டான்.

டவுனில் பேங்குக்கும் போனான். கடன் கேட்டால் அடமானத்துக்கு நிலம் உண்டா என்று கேட்டாள் அங்கிருந்த பெண். உண்டு என்றான். யார் பேரில் என்றாள். "எங்க எல்லார் பேர்லயும்" என்றான். சரி, விலாசமாவது சொல்லுங்கள் என்றாள். தண்ணீர்த் தொட்டி தாண்டி மூன்றாவது மண்பாதை, வெள்ளையடித்த டயர் கிடக்கும், அங்கே திரும்ப வேண்டும் என்று விளக்கினான். அவள் அவ்வளவையும் பொறுமையாகத் தட்டச்சு செய்தாள், கம்ப்யூட்டர் ஏற்றுக்கொள்ளவில்லை. வெளியே வந்தவன் வெர்னாவிடம், "தப்பு அவங்க மேல இல்ல. என்ன மாதிரி ஒரு ஆளுக்கு நானே கடன் குடுக்க மாட்டேன்" என்றான்.

ஆனாலும் ஐந்தில் நான்கு கையெழுத்தை வாங்கிவிட்டான். மிச்சம் ஒன்று. ஹார்வி மெனிகோட்ஸ். அந்தக் குடும்பப் பெயருக்கு நிறைய ஆடு உள்ளவர்கள் என்று பொருள். ஹார்வியிடம் இருப்பதென்னவோ முப்பது செம்மறிகள்தான்.

இங்கேதான் டெல்பர்ட்டின் தலைவிதி விளையாடியது. ஹார்வியின் அப்பாவும் டெல்பர்ட்டின் அம்மாவும் ஒரே குலம், நீர்க்கரைக் குலம். அப்படியானால் ஹார்வி மாமன் மகன், முறைக்கு மச்சான். எங்களில் மச்சான்கள் ஒருவரையொருவர் கேலி செய்துகொள்ளத்தான் பிறந்திருக்கிறார்கள். நல்ல வார்த்தை பேசினால் உடம்புக்கு ஏதாவதா என்று கேட்பார்கள். சிறுவயதிலிருந்து இந்த இரண்டு பேரும் சேர்ந்தாற்போல் இரண்டு வாக்கியம் ஒழுங்காகப் பேசி யாரும் பார்த்ததில்லை. அப்படிப்பட்டவனிடம் போய் வாழ்க்கையிலேயே முக்கியமான ஒன்றைக் கேட்க வேண்டும்.

முதல் தடவை கேட்டபோது ஹார்வி, "போடறேன்டா மச்சான், ஆனா எனக்கு எழுதத் தெரியாதே, நீதானே ஸ்கூல்ல எனக்கும் சேத்து பரீட்சை எழுதி ரெண்டு பேரையும் ஃபெயிலாக்குன" என்றான். இரண்டாம் தடவை, "என் ஆடுங்ககிட்ட கேட்டுச் சொல்றேன். அதுங்களுக்கு ஒன் மூஞ்சி பிடிக்கல" என்றான். மூன்றாம் தடவை பேனாவில் மை இல்லை. டெல்பர்ட்டும் சளைக்காமல் பதிலுக்குப் பதில் சொல்லி, வயிறு வலிக்கச் சிரித்து, காலிக் காகிதத்தோடு வீடு திரும்புவான். பாதி வழியில்தான் உறைக்கும்.

"மாட்டேன்னு சொல்றானா, போடறேன்னு சொல்றானா?" என்பாள் வெர்னா.

"தெரியலயே."

"ஒரு தடவையாவது பல்லைக் காட்டாம கேளுய்யா."

சரி, இந்தத் தடவை சிரிக்கவே கூடாது என்று முடிவு செய்துகொண்டுதான் டெல்பர்ட் வசந்தகாலத்தில் ஒருநாள் ஹார்வி வீட்டுக்குப் போனான். சலவைச் சட்டை போட்டான். வழியெல்லாம் வண்டியின் கண்ணாடியைப் பார்த்து முகத்தை இறுக்கிப் பழகினான்.

ஹார்வி பட்டியில் இருந்தான். வீட்டுக்குள் அவன் மகள் தனிஷா மட்டும் இருந்தாள், மடியில் மூன்று மாதக் குழந்தை. பெயர் ஷண்டீன், வெயிலொளி என்று பொருள். வீடே துக்க வீடு மாதிரி இருந்தது. டிவியைக்கூட அணைத்து வைத்திருந்தார்கள்.

"மாமா, மூஞ்சிய உம்முனு வெச்சுக்கோங்க" என்றாள் தனிஷா தாழ்ந்த குரலில். "இவ எப்ப வேணா சிரிச்சுடுவா போல இருக்கா. ஞாயித்துக்கெழம ஃபீனிக்ஸ்லருந்து எங்கண்ணன் மைரன் வர்றான். அதுவரைக்கும் தாக்குப் பிடிக்கணும்."

டெல்பர்ட்டுக்குப் புரிந்தது. குழந்தையை முதன்முதலில் வாய்விட்டுச் சிரிக்க வைப்பவர் யாரோ, அவர்தான் ஊருக்கு விருந்து போட வேண்டும். அவருடைய குணம்தான் குழந்தைக்கு ஒட்டும் என்பதால் கஞ்சனையும் உருப்படாதவனையும் தொட்டில் பக்கம் விடமாட்டார்கள். மைரன் இன்ஜினியர், தாராளமாகச் செலவழிப்பவன். அவனுக்காக மூன்று நாளாக அந்தக் குடும்பமே பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது.

"கவலைப்படாத. நானே இன்னிக்கு சிரிக்கறதில்லைன்னுதான் வந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு டெல்பர்ட் எதிரே உட்கார்ந்தான். குழந்தை அவனைப் பார்த்தது. அவன் பழகிய முகத்தை எடுத்து மாட்டினான். புருவத்தைச் சுருக்கினான், உதட்டை மடித்தான், மூக்கு விடைத்தது. குழந்தை கண் கொட்டாமல் பார்த்தது. அவன் இன்னும் கொஞ்சம் இறுக்கினான்.

குழந்தை கெக்கெக்கே என்று சிரித்தது. சாதாரணச் சிரிப்பல்ல, மூச்சு வாங்கி வாங்கிச் சிரித்தது. பட்டியிலிருந்த ஹார்விக்கே கேட்டுவிட்டது.

அவன் ஓடிவந்து வாசலில் நின்றான். "யாரு?"

தனிஷா டெல்பர்ட் பக்கம் கையைக் காட்டினாள்.

"இவனா! வேற ஆளே கெடைக்கலயா? ஊர்ல எத்தன நாயி பூனை இருக்கு, அதப் பாத்து சிரிச்சிருக்கக் கூடாதா? போச்சு. என் பேத்தி இனிமே நாலு காகிதத்தத் தூக்கிக்கிட்டு ஆபீஸ் ஆபீஸா அலையப் போறா."

"சிரிச்சத வாபஸ் வாங்க ஏதாவது ஃபாரம் இருக்கா மச்சான்?"

"இருக்கே. மேய்ச்சல் சீட்டு வெச்சிருக்கற அஞ்சு பேரும் கையெழுத்துப் போடணும்."

"நாலு பேரு போட்டுடுவாங்க" என்றான் டெல்பர்ட்.

எப்போதும் இந்த இடத்தில் ஹார்வியிடமிருந்து ஒன்று திரும்பி வரும். அன்று வரவில்லை. ஆட்டைப் பார்க்கப் போகிறவன் மாதிரி வெளியே பார்த்தான். டெல்பர்ட் அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை. விருந்துச் செலவு அவன் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

வெர்னா விஷயத்தைக் கேட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "ஒரு கையெழுத்து வாங்கிட்டு வாய்யான்னா ஒரு விருந்த வாங்கிட்டு வந்திருக்கியே."

"நான் ஒண்ணுமே பண்ணல வெர்னா. மூஞ்சிய வெச்சுக்கிட்டு சும்மா உக்காந்திருந்தேன்."

"அதுவே போதுமே ஒனக்கு" என்றாள். பிறகு அவளும் சிரித்துவிட்டாள், வேறென்ன செய்வது.

பழைய டயர் கழற்றும் மெஷினுக்கு முன்பணம் கொடுக்க வைத்திருந்த தொகை மாவாகவும் உருளைக்கிழங்காகவும் காப்பித்தூளாகவும் பிள்ளைகளுக்கு மிட்டாயாகவும் மாறியது. ஆடு வாங்க ஹார்வியிடமே போக வேண்டியிருந்தது. விலை சொன்னான், டெல்பர்ட்டுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"மச்சானுக்குத் தள்ளுபடி கெடையாதா?"

"மச்சானுக்குன்னுதான்டா இவ்ளோ. வேற ஆளுன்னா கொறச்சிருப்பேன்."

ஞாயிற்றுக்கிழமை ஹார்வி வீட்டு முற்றத்தில் ஊர் கூடியது. பெரிய பானையில் ஆட்டுக்கறி கொதித்தது, வெர்னாவும் அவள் தங்கைகளும் ரொட்டி பொரித்துக்கொண்டே இருந்தார்கள். ஃபீனிக்ஸ் மைரன் வந்தான், குழந்தைக்கு முன்னால் என்னென்னவோ கோணங்கித்தனம் செய்தான், அதுவும் சிரித்தது. இனி அது கணக்கில் வராது. தனிஷாவின் மடியில் குழந்தை, பக்கத்தில் டெல்பர்ட். வந்தவர்கள் வரிசையில் நிற்க, குழந்தையின் பிஞ்சுக் கையைப் பிடித்து ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் கல்லுப்பு வைத்தான். அப்படிக் கொடுத்துப் பழகினால் பெரியவளானதும் கை இழுக்காமல் கொடுப்பாள். வாழ்க்கையில் முதன்முதலாக ஊர் முழுவதும் அவனுக்கு எதிரே வரிசையில் நின்றது. டயருக்காக நின்றிருக்கக் கூடாதா என்று அவனுக்குத் தோன்றத்தான் செய்தது.

சாப்டர் தலைவி லியோனாவின் முறை வந்தது. உப்பை வாங்கிக்கொண்டு அவள் நகரவில்லை. "கடை எப்படா தெறக்கற?"

"மச்சான் இன்னும் பேனா தேடிட்டிருக்கான் லியோனாக்கா."

"போதும் ஒங்க வெளையாட்டு. அடுத்த கூட்டத்துல எல்லார் முன்னாடியும் கேக்கப் போறேன். சீட்ட எடுத்துட்டு வரட்டும், அங்கயே கையெழுத்துப் போடட்டும்."

பானையைக் கிளறிக்கொண்டிருந்த ஹார்வி சிரித்தான். கரண்டி மட்டும் நின்றுவிட்டது.

மேடு பள்ளத்தில் ஹார்வி வீட்டுப் பாதை டெல்பர்ட் வீட்டுப் பாதைக்கு அக்கா. அங்கே வந்து சேர்வதற்குள் மூன்று வண்டிகளுக்குக் காற்று இறங்கிவிட்டிருந்தது. சாப்பாடு முடியும் நேரத்தில் டெல்பர்ட் தன் சாமான் பெட்டியை எடுத்துக்கொண்டு பட்டிக்குப் பின்னால் போனான். கடை வைத்த நாள் முதல் இத்தனை பேர் ஒரே நாளில் அவனிடம் டயர் கொடுத்ததில்லை. அன்றைக்குப் பார்த்துக் காசு வாங்கக்கூடாது. விருந்து போடுகிறவன் அன்று கை நீட்டினால் அந்தப் பழக்கம் குழந்தைக்கு வந்துவிடும். "தொழில்ல எனக்கு இருக்கற நேரம் அப்படி" என்று தனக்குள் முனகிக்கொண்டு மூன்றாவது சக்கரத்தைக் கழற்றினான். அது லியோனாவின் வண்டி.

நிழல் விழுந்தது. ஹார்வி வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்து சக்கரத்தைப் பிடித்துக்கொண்டான்.

"டெல்பர்ட்" என்றான்.

மச்சான் என்று கூப்பிடாமல் பெயரைச் சொன்னதும் டெல்பர்ட் நிமிர்ந்தான். யாரோ செத்துவிட்டார்கள் என்றே நினைத்தான்.

"எங்கிட்ட சீட்டு இல்ல" என்றான் ஹார்வி. டயரைப் பார்த்துக்கொண்டே பேசினான். "தாத்தா பேர்ல இருக்கு. அவரு செத்து எத்தன வருஷமாச்சு, யாரும் மாத்தல. அப்பாவும் மாத்தாம போயிட்டாரு. இப்ப பங்குக்கு இருவது பேரு இருக்காங்க. அல்புகர்க்கில கொஞ்சம், சால்ட் லேக்ல கொஞ்சம், ஒருத்தன் எங்க இருக்கான்னே தெரியாது. கோர்ட்ல கெடக்கு. நான் போடற கையெழுத்து செல்லாது."

டெல்பர்ட் சக்கரத்திலிருந்து கையை எடுத்தான்.

"சீட்டில்லாம மேய்க்கறேன்னு வெளிய தெரிஞ்சு யாராவது புகார் குடுத்தா, அந்த முப்பது ஆட்டையும் ஓட்டிட்டுப் போயிடுவாங்க. அது ஒண்ணுதான் எனக்குன்னு இருக்கு."

டெல்பர்ட்டுக்குக் கோபம் வந்தது. சிரித்துச் சமாளிக்கிற கோபம் இல்லை, நிஜமான கோபம். மூன்று வருடம். செத்துப்போன சர்வே, செத்துப்போன பறவைக் காகிதம், டவுனுக்குப் போய்வந்த பெட்ரோல். கையிலிருந்த ஸ்பேனரை அவன் தலையிலேயே போட்டுவிடலாமா என்றிருந்தது. "மூணு வருஷமாடா? மொதல் நாளே சொல்லியிருக்கலாம்ல?"

"யாருகிட்ட? ஒங்கிட்டயா?" என்றான் ஹார்வி. "ரெண்டு தடவை சொல்லத்தான் வந்தேன். வாயத் தெறக்கறதுக்குள்ள நீ ஜோக் அடிச்சுட்ட. சரின்னு நானும் அடிச்சுட்டேன்."

அது உண்மைதான். டெல்பர்ட்டுக்கு அந்த இரண்டு தடவையும் நினைவில்லை. ஆனால் அப்படித்தான் நடந்திருக்கும் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. அந்த அரை ஏக்கர் அவனுக்கு இல்லை என்பது அப்போதுதான் மெல்ல உள்ளே இறங்கியது. கோர்ட்டில் இருபது பேர் ஒத்துப்போவதற்குள் அவனுக்குத் தடி ஊன்றுகிற வயது வந்துவிடும்.

"இங்க இருக்கீங்களா ரெண்டு பேரும்?" லியோனா கையில் தட்டோடு வந்தாள். அவளுக்குப் பின்னால் அந்த நான்கு சீட்டுக்காரர்களும், இன்னும் ஒரு பத்துப் பேரும், ரொட்டிக் கூடையோடு வெர்னாவும் வந்தார்கள். "அடுத்த கூட்டம் வரைக்கும் எதுக்கு? எல்லாரும் இங்கயே இருக்கோம். ஹார்வி, நேராக் கேக்கறேன். இவனுக்குக் கையெழுத்துப் போடறியா, மாட்டியா? மாட்டேன்னா ஒன் சீட்ட எடுத்துட்டு வா, எந்த உரிமையில மாட்டேங்கறன்னு பாப்போம்."

ஹார்வி எழுந்து நின்றான். முகத்தில் ரத்தமே இல்லை. சொல்லப்போகிறான் என்பது டெல்பர்ட்டுக்குத் தெரிந்துவிட்டது. இத்தனை பேருக்கு நடுவில் சொல்லப்போகிறான்.

"அவன ஏன் வதைக்கற லியோனாக்கா?" என்றான் டெல்பர்ட், கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டே. "அவன் மொதல்லயே சரின்னுட்டான். நான்தான் வேண்டாம்னேன்."

"என்னது?"

"யோசிச்சுப் பாரு. முச்சந்தியில கடை போட்டா ஆளுங்க வந்துடுவாங்களே. அப்புறம் வேலை செய்யணுமே. ஒம்பது மைல் தள்ளி இருந்தா நிம்மதியாத் தூங்கலாம். வெர்னாகிட்ட சொன்னா அடிப்பா. அதான் ஹார்வி மாட்டேங்கறான்னு மூணு வருஷமா ஓட்டிட்டிருந்தேன். அந்தக் காகிதத்தையெல்லாம் போன மாசமே அடுப்புல போட்டுட்டேன்."

சிரிப்பு வெடித்தது. யாரோ டெல்பர்ட்டின் முதுகில் தட்டினார்கள். சிரித்துச் சிரித்து ஒருவருக்குத் தட்டே கை தவறியது.

"அட சோம்பேறி!" லியோனா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஒனக்காக மூணு தடவை தீர்மானம் போட்டேனேடா! எனக்கு அப்பவே சந்தேகம்தான். இனிமே கடை கிடைன்னு சாப்டர் பக்கம் வந்த, தொரத்திடுவேன்."

"வர மாட்டேன்க்கா."

அவர்கள் சிரித்தபடியே முற்றத்துக்குத் திரும்பினார்கள். வெர்னா சிரிக்கவில்லை. அவள் டெல்பர்ட்டைப் பார்த்தாள், ஹார்வியைப் பார்த்தாள், ஒரு ரொட்டியை எடுத்துப் பெட்டி மேல் வைத்துவிட்டுப் போனாள். ஹார்வி மறுபடி உட்கார்ந்து சக்கரத்தைத் தூக்கிப் பொருத்தினான்.

டெல்பர்ட் நட்டுகளை ஒவ்வொன்றாக முறுக்கினான். பொய் சொன்னதில் அவனுக்கு வருத்தமில்லை. ஆனால் அத்தனை பேரும் அதை இவ்வளவு சீக்கிரம் நம்புவார்கள் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. ஒருத்தராவது கொஞ்சம் சந்தேகப்பட்டிருக்கலாம்.